பக்கத்து வயக்காரர் குடுத்த ரேட்டு

ரொம்ப நாளா எழுதாம தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்த பதிவு இது. எழுதினா அடுத்தவன் குட்டோட சேர்ந்து நம்ம குட்டும் வெளிப்படும். அதான் காரணம். சரி, இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது... நான் லஞ்சம் குடுத்திருக்கேன் மக்களே. 12,000 ரூபாய். அதுவும் 15,000 கேட்டதைப் பேரம் பேசிக் குறைச்சு.

ஊழலைத் திட்டி நான் எழுதின பழைய பதிவுகளை எல்லாம் படிச்சவங்க இங்கேயே எழுந்து போயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன். இருக்கிறவங்களுக்கு முழுக் கதையும் சொல்றேன்.

அப்பா 2021ல் தவறிட்டாங்க. டெல்டா பக்கம் எங்க ஊர்ல ஒன்பது மா நிலம். (மா-ன்னா என்னன்னு தெரியாத பட்டணத்து ஆளுங்களுக்கு: 100 குழி ஒரு மா. ஏறக்குறைய 33 சென்ட். மூணு மா சேர்ந்தா ஒரு ஏக்கர்.) அதை எனக்கும் அண்ணனுக்குமா பிரிச்சு 2023ல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிஞ்சோம். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. வடக்குப் பக்கம் அண்ணனுக்கு, தெற்குப் பக்கம் எனக்கு. அம்மா ஊர்லயே இருக்காங்க.

பத்திரம் பதிஞ்சா நிலம் நம்ம பேருக்கு வந்துடும்னு நினைச்சுக்கிட்டு இருந்த அப்பாவிகள்ல நானும் ஒருத்தன். பத்திரப்பதிவு ஒரு துறை, பட்டா இன்னொரு துறை. சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரம் பதிஞ்சது ஒரு கணக்கு. வருவாய்த்துறை ஏட்டுல யார் பேர் இருக்குங்கிறது வேற கணக்கு. கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கப் போனாலும், வெள்ள நிவாரணத்துக்குப் பேர் குடுத்தாலும், கேக்கிறது ரெண்டாவது கணக்கைத்தான். சிட்டா இருக்கா, அடங்கல் இருக்கா?

முழு சர்வே நம்பரும் அப்படியே ஒருத்தர்கிட்டேயிருந்து இன்னொருத்தருக்குப் போனா, பத்திரம் பதிஞ்ச கையோட கம்ப்யூட்டர்லயே பட்டா மாறுற வசதி வந்துடுச்சு. நல்ல விஷயம், பாராட்டணும். ஆனா நிலத்தை ரெண்டா பிரிச்சா 'உட்பிரிவு' பண்ணியாகணும். சர்வேயர் நேர்ல வந்து அளந்து, எஃப்.எம்.பி. வரைபடத்துல கோடு கிழிச்சு, புது எண் குடுக்கணும். கம்ப்யூட்டர் வயலுக்கு வந்து டேப் பிடிக்காதே. அங்க ஒரு மனுஷன் வந்தாகணும். அவர் எப்போ வருவார்ங்கிறதுதான் இந்தக் கதையே.

இ-சேவை மையத்துல விண்ணப்பம் போட்டேன். உட்பிரிவுக்கு 30 நாள் கெடுன்னு சொன்னாங்க. 28வது நாள் மொபைலுக்குச் செய்தி வந்துச்சு. நிராகரிக்கப்பட்டது, காரணம், ஆவணங்கள் தெளிவாக இல்லை. சரி, நம்ம ஸ்கேன் சரியில்லை போலன்னு பத்திரத்தோட எழுத்து ஒவ்வொண்ணும் எறும்பு மாதிரித் தெளிவா தெரியுற அளவுக்கு மறுபடி ஸ்கேன் பண்ணி ரெண்டாவது தடவை போட்டேன். இந்த முறை 26வது நாள். காரணம், அளவையின் போது விண்ணப்பதாரர் ஆஜராகவில்லை. அளக்க வர்றோம்னு யாருமே கூப்பிடலைங்க!

இ-சேவை மையத்துல இருந்த பையன்தான் விளக்கம் குடுத்தான்.

"அண்ணே, நிலுவைன்னு காட்டினாத்தான் அவங்களை மேல இருந்து கேள்வி கேப்பாங்க. நாள் முடியறதுக்குள்ள தள்ளுபடி பண்ணிட்டா கணக்கு சுத்தம். ஒரு நடை நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே."

பழைய காலத்துல மனு மாசக்கணக்கா மேஜையில தூங்கும். இப்போ கெடு முடியறதுக்குள்ள தள்ளுபடி ஆகுது. கம்ப்யூட்டருக்கு விண்ணப்பம் முடிஞ்சுதாங்கிறதுதான் தெரியும். வேலை நடந்துச்சாங்கிறது தெரியாது.

நேர்ல போனேன். கிராம நிர்வாக அலுவலகம், அதான் வி.ஏ.ஓ. ஆபீஸ். வி.ஏ.ஓ. அன்னைக்கு தாலுகா ஆபீஸ்ல மீட்டிங். ஆனா ஆபீஸ் திறந்திருந்துச்சு. உள்ள ஒருத்தர் உட்கார்ந்து ரெக்கார்டு எல்லாம் புரட்டிக்கிட்டு இருந்தார். அரசு ஊழியர் கிடையாது, கிராம உதவியாளரும் கிடையாது. வி.ஏ.ஓ. தனக்குன்னு வச்சுக்கிட்ட 'தனி உதவியாளர்'. பேப்பர்ல லஞ்சக் கைதுச் செய்தி படிக்கிறவங்களுக்கு இந்தப் பதவி நல்லாத் தெரியும், "வி.ஏ.ஓ.வும் அவரது உதவியாளரும் கைது"ன்னு வருமே, அந்த ரெண்டாவது ஆள். சம்பளம் எந்தக் கஜானாவிலேயிருந்தும் வராது. அப்போ எங்கேயிருந்து வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சுவத்துல 'லஞ்சம் கேட்டால் புகார் செய்யவும்'னு போர்டு இருந்துச்சு. போன் நம்பர் இருக்கிற கடைசி வரியை மறைச்சு ஒரு ஜவுளிக்கடை காலண்டர் தொங்கிச்சு. வேணும்னு மாட்டினதா, ஆணி அங்கதான் இருந்துச்சான்னு தெரியலை.

அவர் என்கிட்ட காசு கேக்கவே இல்லைங்க. அந்தத் திறமையைச் சொல்லியே ஆகணும்.

"சார் பெரிய வேலையில இருக்கீங்க. இதுக்காகப் பெங்களூர்லேயிருந்து பத்து தடவை வந்து போனா என்ன செலவாகும், நீங்களே கணக்குப் போடுங்க" அப்படின்னார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதான் நான் பண்ணின முதல் தப்பு.

"சர்வேயருக்கு மூணு பிர்க்கா பாக்கணும் சார். அளக்க ஆள் கூட்டிட்டு வரணும், அவங்களுக்குக் கூலி, சாப்பாடு. மேல கையெழுத்துப் போடுறவங்க இருக்காங்க. 15 ஆகும். உங்களுக்குன்னா பாத்துச் செய்யச் சொல்றேன்."

12,000ல முடிஞ்சுது. ரூபாயை எண்ணிக் கையில எல்லாம் குடுக்கலை. எதிர்ல இருந்த டீக்கடை போர்டுல ஒட்டியிருந்த கியூஆர் கோடைக் காட்டினார். ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். டீக்கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. ரசாயனப் பவுடர் தடவின நோட்டு, கையைக் கழுவினா தண்ணி இளஞ்சிவப்பா மாறுறது எல்லாம் இனிமே வரலாற்றுப் பாடம்தான் போல. (ஆனா ஒண்ணு... நோட்டுல பவுடர் தண்ணியில கழுவினா போயிடும். பேங்க் கணக்குல விழுந்த பணம் போகாது. அது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.)

ஒன்பதாவது நாள் சர்வேயர் வந்தார். மரியாதையாப் பேசினார். அரை நாள்ல அளந்து முடிச்சார், வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. மூணே வாரத்துல என் பேர்ல தனிப் பட்டா. சத்தியமாச் சொல்றேன், அன்னைக்கு எனக்குக் குற்ற உணர்ச்சி எல்லாம் இல்லை. சந்தோஷமா இருந்துச்சு. அதே டீக்கடையில நின்னுக்கிட்டு ஊர்க்காரங்ககிட்ட "பேசி 3,000 குறைச்சேன்ல"ன்னு பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

ராத்திரி தூக்கம் வராம (குற்ற உணர்ச்சி இல்லைன்னு சொன்னேன்ல... ஹி ஹி) சட்டம் என்ன சொல்லுதுன்னு படிச்சேன். 1988ம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018ல் திருத்தினாங்க. அதுக்கு அப்புறம் லஞ்சம் குடுக்கிறதும் நேரடியாவே ஒரு குற்றம். ஆனா கட்டாயத்தால குடுத்தவங்களுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. குடுத்த 7 நாளுக்குள்ள போலீஸ்கிட்டயோ விசாரணை அமைப்புகிட்டயோ சொல்லிட்டா அவங்க மேல குற்றம் கிடையாது. நான் இதைப் படிச்சது பணம் குடுத்த நாலாவது நாள்.

மூணு நாள் பாக்கி இருந்துச்சு. நான் போகலை.

காரணம் சொல்றேன், நியாயம்னு சொல்லலை. அம்மாகிட்ட போன்ல பேசினப்போ, "உனக்கென்ன, நீ அங்க இருக்கே. நாளைக்கு மழை அடிச்சுப் பயிர் சாஞ்சா கணக்கெடுக்க யாரு வருவா? எனக்கு ஒரு சர்டிபிகேட் வேணும்னா யாருகிட்டப் போய் நிப்பேன்?"னு கேட்டாங்க. பதில் இல்லை. ஒரு ஊர்ல ஒரே ஒரு மளிகைக்கடைதான்னா கடைக்காரனைப் பகைச்சுக்க முடியுமா? இங்க சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு, அடங்கல் எல்லாத்துக்கும் ஆரம்ப விசாரணை அந்த ஒரே ஆள்கிட்டதான். ஏழாவது நாளும் போச்சு. எட்டாவது நாள்லேயிருந்து சட்டப்படி நானும் அவங்க கட்சி.

கதை இதோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது.

எங்க வயலுக்குக் கிழக்கால ஒரு அத்தை வயல். சொந்தம் இல்லை, ஊர் முறைக்கு அத்தை. மாமா 2016ல் இறந்துட்டார். அடுத்த தடவை ஊருக்குப் போயிருந்தப்போ சாயங்காலம் வீட்டுக்கு வந்தாங்க. அம்மாகிட்ட எதையெதையோ பேசிட்டு, கிளம்புற நேரத்துல என்னைப் பார்த்துக் கேட்டாங்க.

"தம்பி, நீங்க கணக்கப்பிள்ளைக்கு நிசமா எவ்வளவு குடுத்தீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்க பிரச்சினை என்னன்னா, மாமாவோட அப்பாவுக்கு ஆறு மா நிலம், ரெண்டு பிள்ளைங்க. பட்டா மட்டும் மூத்தவர் பேர்ல. மாமா பேர் ஏட்டுலயே இல்லை. மூத்தவர் பிள்ளைங்க தங்கமானவங்க, "சித்தி பங்கு சித்திக்குத்தான், எங்க வேணா கையெழுத்துப் போடுறோம்"னு சொல்றாங்க. திருத்தணும்னு மனு குடுத்தா வி.ஏ.ஓ. அறிக்கை வேணும். அந்த அறிக்கைக்கு முதல்ல 5,000 கேட்டிருக்காங்க. அத்தை 2,000 சேர்த்து வச்சிருந்தாங்க. பாக்கிக்குச் சீட்டு எடுக்கலாம்னு இருந்தப்போ, உதவியாளர் ரேட்டை மாத்திட்டார்.

"பக்கத்து வயக்காரரே சும்மா ஒரு உட்பிரிவுக்கு 12 குடுத்தாரு. நீங்க யு.டி.ஆர். கேசைத் தூக்கிட்டு வந்து அஞ்சுன்னா எப்படி?"

பக்கத்து வயக்காரர் யாருன்னு சொல்லவும் வேணுமா...

100 நாள் வேலைக்கு 2023-24ல் தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச தினக்கூலி 294 ரூபாய். அதையும் முழுசா குடுத்தா, 12,000ங்கிறது ஏறக்குறைய 41 நாள் கூலி. எனக்கு அது பெங்களூர்லேயிருந்து நாலு தடவை வந்து போற செலவு. நான் என் வசதிக்குக் கணக்குப் போட்டுக் குடுத்த காசு, அவங்க தலையில விலையா எழுதப்பட்டிருந்துச்சு. நான் பேரம் பேசிக் குறைச்சதா நினைச்சேன். உண்மையில நான் ஏத்தி விட்டிருக்கேன்.

யு.டி.ஆர்.னு ஒரு வார்த்தை வந்துச்சே, அதைக் கொஞ்சம் சொல்லணும். 1979லேயிருந்து 1987 வரைக்கும் தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்சாங்க. 'நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்'னு பேர். நம்ம மக்கள் வாயில யு.டி.ஆர். ஏக்கர் சென்ட் கணக்கு ஹெக்டேர் ஏர் கணக்கா மாறினது, இப்போ கையில இருக்கிற பட்டா நம்பர் எல்லாத்துக்கும் மூலம் அதுதான். நல்ல நோக்கம்தான். ஆனா அந்த நேரத்துல ஊர்ல இருந்தவர் பேர் ஏறுச்சு, பிழைப்புக்கு வெளியூர் போனவர் பேர் விட்டுப் போச்சு. அளவு மாறிப் போச்சு, பக்கத்து நிலத்துக்காரர் பேர் ஏறுச்சு. மாமா அப்போ செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்தார். அதனால அண்ணன் பேர் மட்டும்.

எழுதினது அரசாங்கம், தப்பு அரசாங்கத்தோடது. ஆனா திருத்தச் சொல்லி அலையுறது நாம. தாசில்தார், ஆர்.டி.ஓ., டி.ஆர்.ஓ.ன்னு கேஸுக்குத் தகுந்த மாதிரி மேல போகணும். ஒவ்வொரு படிக்கும் கீழேயிருந்து ஒரு அறிக்கை வேணும். ஒரு எழுத்துப் பிழை ஒருத்தருக்கு நாப்பது வருஷ வருமானமா மாறுறது இப்படித்தான். அதுக்குள்ள அத்தைக்கு எவ்வளவு நட்டம்? 2019லேயிருந்து மத்திய அரசு வருஷத்துக்கு 6,000 குடுக்குதே, பி.எம். கிசான், அது ஒரு தவணைகூட வரலை. பயிர்க்கடன் இல்லை. புயல் நிவாரணம் இல்லை. உழுறது அவங்க, பேர் வேற யாருதோ.

அத்தை இன்னும் 'கணக்கப்பிள்ளை'ன்னுதான் சொல்றாங்க. பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர்ல ஒரே அவசரச் சட்டத்துல ஒழிச்சது. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1982ல் அரசு பக்கம் தீர்ப்பாச்சு. தேர்வு எழுதி வர்ற வி.ஏ.ஓ.க்கள் வந்தாங்க. பரம்பரை ஆதிக்கம் போனது சாதாரண விஷயம் இல்லை. எங்க தாத்தா காலத்துல கர்ணம் வீட்டுத் திண்ணையில ஏறக்கூட முடியாதவங்க பிள்ளைங்க இன்னைக்கு அந்த நாற்காலியில உட்கார்றாங்க. ஆள் மாறினாங்க. ஆனா 'ஏடு என்கிட்ட, தேவை உன்கிட்ட'ங்கிற உறவு மாறலை.

இன்னும் பின்னாடி போனா வயித்தைக் கலக்கும். 1855ல் மெட்ராஸ் மாகாணத்துல ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை குடுத்துச்சு. எதைப் பத்தி? வரி வசூலுக்காக வருவாய்த்துறை சிப்பந்திகள் குடியானவங்களைச் சித்திரவதை பண்ணினதைப் பத்தி. விரலைக் கிட்டியில வச்சு நசுக்கிறது, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வச்சு வெயில்ல நிறுத்துறது... எல்லாம் அந்த அறிக்கையில இருக்கு. வரிக்கு மேல லஞ்சம் பறிக்கவும் இதே வழிதான்னும் இருக்கு. இப்போ கிட்டி கிடையாது. விண்ணப்பதாரர் ஆஜராகவில்லைன்னு ஒரு வரி போதும்.

இவ்வளவு திட்டிட்டு இதையும் சொல்லலைன்னா பாவம். 2023 ஏப்ரல் 25ந் தேதி, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு. மணல் கடத்தலைப் பத்திப் புகார் குடுத்த வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸை அவர் ஆபீஸ்லயே புகுந்து வெட்டிக் கொன்னாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைச்சுது. நான் பணம் அனுப்பினதும் அதே 2023லதான். என்னோட அந்த ஏழு நாளை நினைக்கும்போதெல்லாம் இவரும் சேர்ந்து ஞாபகத்துக்கு வர்றார். உயிர் போகும்னு தெரிஞ்ச இடத்துல புகார் எழுதினவரும் ஒரு வி.ஏ.ஓ.தான். எனக்குப் போகப் போறது என்ன? கொஞ்சம் அலைச்சல், அம்மாவுக்குக் கொஞ்சம் சங்கடம். அதுக்கே நான் பேசாம இருந்துட்டேன். "துறையே மோசம்"னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போக அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை.

சரி, அத்தைக்கு என்ன பண்ணினோம்?

முதல்ல அந்த 12,000ஐ நானே குடுத்துடலாமான்னு யோசிச்சேன். உண்மையாவே யோசிச்சேன். அப்புறம் அதுக்கு அடுத்த வயக்காரர் யாருன்னு ஞாபகம் வந்துச்சு. விட்டுட்டேன்.

2024 ஜமாபந்தியில மனு குடுத்தோம். வருஷா வருஷம் பசலிக் கணக்கு முடிக்கிறப்போ தாலுகா ஆபீஸ்ல நடக்குமே, வருவாய்த் தீர்வாயம், அதுதான். மேலதிகாரி முன்னாடி குடுக்கிற மனுவுக்கு எண் போட்டு ஒப்புகைச் சீட்டு தருவாங்க. மனுவை நான் டைப் அடிச்சேன். பழைய பட்டா நகல், மாமாவோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூத்தவர் பிள்ளைங்களோட சம்மதக் கடிதம், எல்லாம் வரிசையா எண் போட்டு இணைச்சோம். இப்படி எண் போட்டு வச்சா, இணைப்பு இல்லைன்னு அப்புறம் சொல்ல முடியாது பாருங்க.

ரெண்டு மாசம் ஒண்ணும் நடக்கலை. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இதுல நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன், உங்களுக்கு உதவும். 'ஏன் தாமதம்?'னு கேக்காதீங்க. ஏன்ங்கிற கேள்விக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற காகிதத்தைக் கேளுங்க. இந்த எண் மனு எந்தத் தேதியில எந்த அலுவலருக்கு அனுப்பப்பட்டது, அந்தப் பதிவேட்டுப் பக்கத்தோட நகல், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையோட நகல். இவ்வளவுதான் கேட்டோம். 30 நாளுக்குள்ள பதில் தரணும். 27வது நாள் பதில் வந்துச்சு, அறிக்கை அனுப்பப்பட்டுவிட்டதுன்னு. அறிக்கையோட தேதியைப் பார்த்தா, பதிலுக்கு மூணு நாள் முன்னாடி :-)

ஆர்.டி.ஓ. விசாரணை ரெண்டு தடவை ஒத்திவைப்பு. மூணாவது தடவை நடந்துச்சு. அந்த அதிகாரி அத்தையை உட்கார வச்சுப் பேசினார்னு அவங்களே ஆச்சரியமாச் சொன்னாங்க. 2025 தொடக்கத்துல உத்தரவு வந்துச்சு. மாமா பேர் ஏட்டுல ஏறிடுச்சு. செத்து ஒன்பது வருஷம் கழிச்சுப் பட்டாதாரர் ஆனார் மாமா.

லஞ்சம் குடுக்காமலே வேலை நடக்கும், எல்லாரும் தைரியமா இருங்கன்னு கதை விட மாட்டேன். நடந்துச்சு, ஆனா மனு குடுத்ததுலேயிருந்து ஏழெட்டு மாசம் ஆச்சு. அத்தைக்கு 14 நாள் கூலி போச்சு. பஸ், ஜெராக்ஸ், ஸ்டாம்ப் தனி. டைப் அடிக்க, சட்டம் படிக்க ஒரு ஆள் இருந்ததால ஆச்சு. அந்த ஆள் இல்லாத வீடுங்க ஊர்ல எத்தனை? உதவியாளர் இப்போ எங்க அம்மாவைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறார். அம்மா பயம் அம்மாவுக்கு. போன்ல அதைப் பத்தி நாங்க ரெண்டு பேருமே பேசிக்கிறதில்லை.

உத்தரவு நகலைக் குடுக்க அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மோர் குடுத்தாங்க. காகிதத்தை வாங்கி மாமா போட்டோ பக்கத்துல வச்சாங்க. நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்னு நினைக்கிறேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

"நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேன் தம்பி. ஆனா அன்னைக்கு நீங்க பன்னெண்டு குடுக்காம இருந்திருந்தா, எனக்கு அஞ்சோட முடிஞ்சிருக்கும்."

கோவமாச் சொல்லலை. கணக்குச் சொன்னாங்க. மோரை மெதுவாக் குடிச்சு முடிச்சேன்.

இனிமே மாமா பேர்லேயிருந்து அத்தை பேருக்கு வாரிசு முறையில மாத்தணும். அப்புறம் ரெண்டு பங்கையும் பிரிக்கணும். ஆமா, அதே உட்பிரிவு, அதே சர்வேயர், அதே டீக்கடை. விண்ணப்பம் போட்டாச்சு. ஆஜராகவில்லைன்னு இந்தத் தடவை எழுதிடக் கூடாதுன்னு, அளவைத் தேதியைத் தெரிவிக்கச் சொல்லிப் பதிவுத் தபால்ல ஒரு கடிதமும் அனுப்பியிருக்கோம்.

உங்க ஊர்ல உட்பிரிவுக்கு என்ன ரேட்டுன்னு யாராவது சொல்ல வந்தீங்கன்னா, ஒரு நிமிஷம். அந்த ரேட்டை யார் வச்சாங்கன்னும் கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்லுங்க. எங்க ஊர் ரேட்டு நான் வச்சது.